நல்லவனுக்கு மட்டுமா பசி?

கென் லோச்சின் ‘ஐ, டானியல் பிளேக்’ (2016) கறுப்புத் திரையில் தொடங்குகிறது. குரல்கள் மட்டும் கேட்கின்றன. தொப்பி போடுமளவுக்குக் கையை உயர்த்த முடியுமா, ஐம்பது மீற்றர் நடக்க முடியுமா என்று ஒரு பெண் கேட்டுக்கொண்டே போகிறாள். மாரடைப்பு வந்த 59 வயதுத் தச்சுத் தொழிலாளியோ, கோளாறு கையில் இல்லை, இதயத்தில் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறான். வைத்தியர் வேலை செய்யக்கூடாது என்கிறார். படிவத்தின் புள்ளிக் கணக்கு வேலை செய்யலாம் என்கிறது. மிச்சக் கதை இதிலிருந்துதான். போல் லவெர்ட்டி எழுதிய இந்தப் படத்துக்கு அந்த ஆண்டு கான் விழாவில் தங்கப் பனை விருது கிடைத்தது.

அண்மையில் கிங்ஸ்பரியில் ஒரு நண்பர் வீட்டில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து இதைப் பார்த்தோம். முடிந்ததும், முப்பது வருடத்துக்கு மேலாக இங்கே இருக்கிற ஒரு அண்ணை சொன்னார்: “பாவம், அந்த மனுசன் உழைச்ச ஆள். அவருக்குக் குடுக்கத்தான் வேணும். சும்மா இருந்து பெனிபிட் எடுக்கிறவைக்கு வெட்டினால் என்ன பிழை?” அண்ணை கல்நெஞ்சர் அல்லர். படம் ஓடும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டவர். அவருடைய கண்ணீரும் கேள்வியும் இரண்டுமே இந்தப் படத்திலிருந்து வந்தவை என்றுதான் எனக்குப் படுகிறது.

கண்ணீர் வரவைத்தது படத்தின் பலம். கேட்டி லண்டன்காரி. இரண்டு பிள்ளைகளோடு விடுதியின் ஒற்றை அறையில் இருந்தவளை, இங்கே வீடு இல்லையென்று நியூகாசிலுக்கு அனுப்பிவிடுகிறார்கள். புது ஊரில் பஸ் மாறி ஏறி, ஜொப் சென்டருக்குப் பிந்திப் போகிறாள். காசு வெட்டப்படுகிறது. பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தான் பட்டினி கிடந்தவள், உணவு வங்கியில் ஒரு தகரப் பேணியை நின்ற இடத்திலேயே திறந்து கையால் அள்ளிச் சாப்பிடுகிறாள். பிறகு வெட்கத்தில் உடைந்து அழுகிறாள். லோச் இசையை மீட்டி எங்களை அழவைக்க முயலவில்லை. பார்த்துக்கொண்டு நிற்கிறார், அவ்வளவுதான்.

இது மிகை என்று அப்போது சிலர் எழுதினார்கள். 2012 ஒக்டோபரிலிருந்து ஒருவருடைய உதவிப் பணத்தை அதிகபட்சம் மூன்று வருடத்துக்கு நிறுத்த முடிந்தது. 2019இல்தான் அதை ஆறு மாதமாகக் குறைத்தார்கள். 2010 முதல் 2015 வரை வேலை தேடுவோர் உதவி பெற்றவர்களில் 24 வீதமானோர் ஒரு தடவையாவது தண்டிக்கப்பட்டதாகத் தேசியக் கணக்காய்வு அலுவலகம் 2016 நவம்பரில் சொன்னது. தண்டனையால் என்ன பலன் என்று அமைச்சு தன் கையிலிருந்த தரவுகளைக்கூடச் சரியாக ஆராயவில்லை என்றும் சொன்னது. ஆகவே மிகை என்ற குற்றச்சாட்டு நிற்காது.

என் குறை வேறு. டானியல் மாசு மறுவற்றவன். நோயாளி மனைவியைக் கடைசிவரை பார்த்தவன். மரத்தில் மீன் செதுக்குபவன். யாரோ ஒருத்தியின் பிள்ளைகளுக்குத் தாத்தாவாகிறவன். இப்படிப்பட்டவனுக்கு அநீதி நடந்தால் கோபம் சுலபமாக வரும். இறுதிச் சடங்கில் வாசிக்கப்படும் அவனுடைய குறிப்பிலும், கட்டவேண்டியதைக் குறைவில்லாமல் கட்டியவன், குடிமகன் என்றே உரிமை கோருகிறான். சோம்பேறிக்கு, சிடுமூஞ்சிக்கு, இன்னும் ஒரு பென்ஸும் வரி கட்டாதவனுக்கு? அந்த இடத்தில் படம் மௌனமாகிறது. அண்ணையின் கேள்வி அந்த மௌனத்தில்தான் முளைத்தது.

ஏனெனில் நாங்கள் வந்திறங்கியபோது குடிமக்களும் அல்ல, வரி கட்டியவர்களும் அல்ல. 1996 பெப்ரவரியில், துறைமுகத்திலோ விமான நிலையத்திலோ தஞ்சம் கேட்காமல் உள்ளே வந்தபின் கேட்டவர்களுக்கு அரசு உதவிப் பணத்தை நிறுத்தியது. மேன்முறையீடு செய்தவர்களுக்கும் அதுதான். ஜூனில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதிகள் செல்லாது என்றது. அடுத்த மாதமே நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்கியது. கடைசியில் கைகொடுத்தது 1948ஆம் ஆண்டின் தேசிய உதவிச் சட்டம். வேறு வழியற்றுப் போனவர்களைக் கவுன்சில்கள் பராமரிக்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் அதை வைத்துத் தீர்ப்பளித்தன. ஆள் நல்லவனா, முன்பு உழைத்தவனா என்ற கேள்வி அங்கே எழவில்லை. 2000இல் வவுச்சர் வந்தது: தனி ஆளுக்கு வாரம் 36.54 பவுண், அதில் கைக்காசாக மாற்றக்கூடியது 10. கடையில் மிச்சக் காசு தரமாட்டார்கள். 2002இல் அதைக் கைவிட்டார்கள்.

அந்த வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் டானியல் பிளேக்குகளா? இல்லை. குடித்தவர்கள் இருந்தார்கள், பொய் சொன்னவர்கள் இருந்தார்கள், கள்ளமாகக் கடையில் வேலை செய்தவர்களும் இருந்தார்கள். பசி எல்லாருக்கும் ஒன்றுதான். எங்கள் போர்க்கதைகளிலும் பயணக்கதைகளிலும் பத்தில் ஒரு பங்குகூட இந்த வரிசைகளைப் பற்றி நான் வாசித்ததில்லை. வெட்கம் காரணமாக இருக்கலாம். எழுதப்படாததால்தான் அது இவ்வளவு சுலபமாக மறந்துபோகிறது. மறந்தவருக்கு அடுத்தவருடைய காசு வெட்டப்படுவது நியாயமாகத் தெரிகிறது.

குறை சொன்னாலும் படத்தைப் பாருங்கள் என்றே சொல்வேன், முக்கியமாக இங்கே பிறந்தவர்கள். பார்த்த பிறகு வீட்டில் மூத்தவர்களிடம் வவுச்சர் காலத்தைப் பற்றிக் கேளுங்கள். சொன்னால் எழுதி வையுங்கள்.