விட்டம்: மேலே இருப்பதா, குறுக்கே கிடப்பதா?

கருமத்தம்பட்டியில் தாத்தா கட்டின ஓட்டு வீட்டை மராமத்து பார்த்தபோது ஆசாரியிடம் சொன்னேன்: "விட்டம் பூரா கறையான் அரிச்சிருக்குதுங்க. எடுத்துப் போட்டுட்டு வேற அடிச்சிருங்க." நான் நினைத்தது ஓட்டுக்கு அடியில் அடித்திருந்த பலகையை. அவர் ஒரு நிமிசம் என்னையே பார்த்தார். "விட்டத்தை எடுத்துப்போட்டா மேல இருக்கறது எதுமேலீங்க நிக்கும்?"

அவர் கேட்காமல் நான் சொன்னதையே செய்திருந்தால் கூரை கீழே வந்திருக்கும்.

இந்தத் தப்பை நான் எங்கே கத்துக்கிட்டேன் என்று யோசித்தால், கதைகளில்தான். "விட்டத்தை வெறித்தபடி படுத்திருந்தான்" என்று ஆயிரம் கதையில் படித்தாயிற்று. இன்றைய கதைகளில் காங்கிரீட் அடுக்குமாடியின் மூணாவது மாடியில் இருப்பவரும் விட்டத்தைத்தான் வெறிக்கிறார். அங்கே ஏதுங்க விட்டம்? மட்டமான தளமும் ஒரு மின்விசிறியும்தான் இருக்கும். படுத்தால் கண்ணில் படுவதெல்லாம் விட்டம் என்று ஆகிவிட்டது.

ஓட்டு வீட்டில் பாரம் இறங்கும் வழியைப் பாருங்கள். ஓட்டின் எடை ரீப்பருக்கு, ரீப்பரிலிருந்து கைமரத்துக்கு. கைமரத்தின் கீழ்முனை சுவரில், மேல்முனை மோட்டுவளையில். மோட்டுவளையைக் குத்துக்கால் தாங்குகிறது. குத்துக்கால் நிற்பது விட்டத்தின் மேல். விட்டமோ இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் குறுக்கே கிடக்கிறது. அதன் வேலை மேலே இருப்பதல்ல, குறுக்கே போவது.

இதைப் புரிந்துகொண்டால் பள்ளிக்கூட விட்டமும் விளங்கிவிடும். வட்டத்தின் ஒரு கரையிலிருந்து நடுவழியாக மறுகரைக்குக் குறுக்கே போவது விட்டம். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி இரண்டு பொருளையும் தருகிறது. சமஸ்கிருதத்தின் விஷ்கம்பம் என்ற சொல்லுக்கும் தாங்குகட்டை, வட்டத்தின் விட்டம் என இரண்டு பொருளும் உண்டு. ஆங்கிலத்தில் உத்திரத்தைக் குறிக்கும் 'பீம்' கப்பலுக்கு வந்தால் அதன் அகலம். குறுக்கே போட்ட கட்டையும் குறுக்களவும் ஒரே சொல்லுக்குள் வருவது நமக்கு மட்டும் உள்ள வழக்கமில்லை.

கணக்கதிகாரம் வட்டத்தின் பரப்புக்குச் சொல்லும் வழி, சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்குவது. என் மகளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தபோது மேலே கையைக் காட்டினேன். "அந்த மரம் மாதிரிதான், இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும்." உடனே பிடித்துக்கொண்டாள். நான் படித்த காலத்தில் இப்படி யாரும் மேலே கை காட்டவில்லை. விட்டம் எனக்கு வெறும் ஆரம் இன்ட்டு ரெண்டுதான்.

சொல் மாறத்தான் செய்யும், அதை யாரும் தடுக்க முடியாது. ஆனால் எழுதுகிறவர்களுக்கு ஒரு சின்ன வேண்டுகோள். பாத்திரம் அடுக்குமாடியில் படுத்திருந்தால் தளத்தையோ மின்விசிறியையோ பார்க்கட்டும். ஓட்டு வீட்டில் படுத்திருந்தால் விட்டத்தைப் பார்க்கட்டும். அப்போதாவது அது எதைத் தாங்குகிறது என்று ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.

எங்கள் வீட்டு விட்டம் இன்னும் அப்படியே கிடக்கிறது. பலகையை மட்டும்தான் மாற்றினோம்.