வேதிவினைப் பெயர்களில் தன்வினையும் பிறவினையும்

தமிழில் வேதியியலை எழுதும் முயற்சி ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு வரலாறு உடையது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீனின் முயற்சியால் 'கெமிஸ்தம்' 1875-ஆம் ஆண்டு வெளிவந்தது. இராசகோபாலாச்சாரியார் முதலியோர் 1916-ஆம் ஆண்டு அறிவியற் சொற்களுக்கெனவே ஒரு கழகம் கண்டனர். சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தின் கலைச்சொற்றொகுதி 1938-ஆம் ஆண்டு அச்சேறியது. தமிழில் அறிவியலைச் சொல்லவியலுமோ என்னும் ஐயம் இவற்றால் நீங்கிற்று. ஆயினும், ஆக்கிய சொல் பொருளைக் காட்டுகின்றதா, ஆங்கிலச் சொல்லின் நிழலாக மட்டும் நிற்கின்றதா என்னும் வினா எஞ்சி நிற்கின்றது. 2019-ஆம் ஆண்டு வெளிவந்த தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலின் 'வேதிவினைகளின் வகைகள்' என்னும் இயலை இவ்வினாவின் துணைகொண்டு ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அவ்வியல் வினைகளைச் சேர்க்கை, சிதைவு, இடப்பெயர்ச்சி, இரட்டை இடப்பெயர்ச்சி, எரிதல் என ஐவகைப்படுத்தும். பெயர்கள் எளியன, ஒலிக்க இனியன, வடசொற் செறிவு நீங்கியன. இந்நலன்களை மறுப்பார் இலர். இனி அவற்றின் பொருத்தத்தை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

இடப்பெயர்ச்சியை முதற்கண் கொள்வோம். மயில்துத்தக் கரைசலில் இரும்பாணியை இட்டால் நீலம் மங்குகின்றது. ஆணியின்மேல் செம்பு படிகின்றது. இங்கு நிகழ்ந்தது யாது? இரும்பு பெயர்த்தது, செம்பு பெயர்ந்தது. பெயர்தல் தன்வினை, பெயர்த்தல் பிறவினை. தன்வினையிற் பிறந்த தொழிற்பெயர் பெயர்ச்சி. பிறவினையிற் பிறந்தது பெயர்ப்பு. குருப்பெயர்ச்சி என்பார் எவரும் குருப்பெயர்ப்பு என்னார். மொழிபெயர்ப்பு என்பார் மொழிபெயர்ச்சி என்னார். கல்லாதார் நாவிலும் வழுவாத இவ்வேறுபாடு பாடநூலில் வழுவியது எற்றுக்கு?

விடை இயற்பியற் பகுதியில் உள்ளது. ஒரு பொருள் தொடக்க நிலையினின்று இறுதி நிலைக்குச் செல்லும் நேர்த்தொலைவையும் இடப்பெயர்ச்சி என்றே மாணாக்கர் கீழ்வகுப்பிற் கற்கின்றனர். அங்கு அப்பெயர் முற்றும் பொருந்தும். ஆங்கிலத்தில் இவ்விரண்டற்கும் ஒரே சொல் வழங்குதலின், தமிழிலும் ஒன்றே போதுமெனக் கொண்டனர் போலும். ஆங்கிலத்திற்கு இல்லாத வேறுபாடு தமிழுக்கு உண்டு. இருந்தும் அதனைக் கைவிட்டோம்.

'செம்பு இடம்பெயர்ந்தது உண்மையன்றோ, பெயர்ச்சி எனின் இழுக்கென்ன?' என வினவலாம். இவ்வினையின் உயிர், எது எதனைப் பெயர்க்க வல்லது என்பதில் உள்ளது. இரும்பு செம்பைப் பெயர்க்கும். இரும்பு உப்பின் கரைசலிற் செம்பை இட்டால் செம்பு இரும்பைப் பெயர்க்காது. உலோகங்களின் வினைத்திற வரிசை முழுதும் இவ்வன்மை மென்மையைக் கூறுவதேயாம். செய்பவனை மறைக்கும் பெயர் அவ்வரிசையையும் மறைக்கின்றது. எனவே 'இடப்பெயர்ப்பு வினை' என்பதே தக்கது.

இரட்டை இடப்பெயர்ச்சியில் இக்குறை பின்னும் மிகுகின்றது. பேரியம் குளோரைடும் சோடியம் சல்பேட்டும் கலந்தவழி, இரண்டும் தத்தம் துணையை மாற்றிக்கொள்ள, பேரியம் சல்பேட்டு வெண்மையாக வீழ்படிகின்றது. ஈண்டுத் தனித்து வெளியேற்றப்பட்ட தனிமம் யாதும் இல்லை. முன்னைய வினை இருமுறை நிகழ்ந்ததுமன்று. பண்டமாற்று நடந்த இடத்தில் இரட்டிப்பு என்னும் எண்ணுப்பெயர் எதனையும் விளக்காது. 'பரிமாற்ற வினை' எனின் மாணாக்கன் பெயரைக் கேட்ட அளவிலேயே நிகழ்ச்சியை உணர்வான்.

அடுத்துச் 'சிதைவு' என்னும் சொல். சிதைதல் என்பது அழிவையும் கேட்டையும் உணர்த்துதல் யாவரும் அறிந்தது. இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரத்து மாணாக்கர்க்குச் சுண்ணாம்புக் காளவாயும் சிமெண்டு ஆலையும் புதியனவல்ல. இராசபாளையத்துப் பி. ஏ. சி. இராமசாமி ராஜா தோற்றுவித்த சிமெண்டு நிறுவனத்தின் ஆலை விருதுநகரை அடுத்து இராமசாமிராஜா நகரில் உள்ளது. சூளையில் ஏறத்தாழ 900 பாகை செல்சியசு வெப்பத்தில், தூய சுண்ணாம்புக்கல் 100 பங்கு, சுட்ட சுண்ணாம்பு 56 பங்காகவும் கரியமிலவாயு 44 பங்காகவும் பிரிகின்றது. சிமெண்டும் சாந்தும் சுதையும் தோன்றுதற்கு முதலாவது இப்பிரிவே. திருவில்லிபுத்தூர்ப் பதினொரு நிலைக் கோபுரத்தின் சுதைவேலையைக் கண்டு வளர்ந்த ஒருவனுக்கு, அதன் மூலவினையைச் சிதைவு என்றல் பொருந்துமோ? ஈழத்துப் பாடநூல்கள் இதனைப் 'பிரிகை' என வழங்கும். அச்சொல்லை நாமும் ஏற்றல் நன்று.

இறுதியாக வகைப்பாட்டின் அடிப்படை. முதல் நான்கும் பொருள்களின் கூறுகள் கூடுதலும் பிரிதலும் மாறுதலும் பற்றியன. எரிதலோ, ஆக்சிசனோடு கூடுங்கால் வெப்பமும் ஒளியும் தோன்றுதல் பற்றியது. மக்னீசிய நாடா எரிதல் எரிதலும் ஆம், சேர்க்கையும் ஆம். இரு வேறு அடிப்படைகளை ஒரே வரிசையில் நிறுத்துதல், நன்னூலார் நூற்குற்றம் பத்தனுள் வைத்தெண்ணிய 'மயங்க வைத்தல்' ஆகும். மற்று, நீற்றிய சுண்ணாம்பு சுவரிற் காற்றின் கரியமிலவாயுவை ஏற்று நீரை விடுத்து மீண்டும் கல்லாக இறுகும் வினை, ஐந்தனுள் ஒன்றிலும் நேரே அடங்காது. சுடுதல், நீற்றுதல், பூச்சு இறுகுதல் என மூன்று நிலைகளையும் வேறு பிரித்துச் சொல்லக் கொத்தனாரிடம் சொல் உண்டு. அவற்றுள் முதலிரண்டே இவ்வகைப்பாட்டிற் பிரிகையாகவும் சேர்க்கையாகவும் நேரே அமைகின்றன.

இவை சொல்லாராய்ச்சியார்தம் நுண்பூசல் எனத் தள்ளற்பாலன அல்ல. பெயரிலிருந்து பொருளை உணர இயலாத மாணாக்கன் ஐந்து பெயர்களையும் ஐந்து சமன்பாடுகளையும் நெட்டுருச் செய்து தேர்வெழுதுகின்றான். தாய்மொழிக் கல்வியின் பயனே பெயர் பொருளுக்கு வழிகாட்டுதலாம். அஃது இல்வழி, எம்மொழியிற் கற்பினும் ஒன்றே. சிதைவைப் பிரிகையாகவும், பெயர்ச்சியைப் பெயர்ப்பாகவும், இரட்டைப் பெயர்ச்சியைப் பரிமாற்றமாகவும் மாற்றி, எரிதலைத் தனித் தலைப்பில் வைத்தல் ஒரு திருத்தப் பதிப்பில் முடியத்தக்க செயலே. அதற்கு வேதியியல் ஆசிரியரோடு தமிழாசிரியரும் ஒரே மேசையில் அமர்தல் வேண்டும்.