ராட்சசனும் பிரித் நூலும்

தமிழில் தொடர்கொலைப் படம் என்றதும் இன்று முதலில் வாயில் வரும் பெயர் ‘ராட்சசன்’. ராம்குமார் எழுதி இயக்கி, விஷ்ணு விஷால் நாயகனாக நடித்து, 2018 ஒக்டோபர் 5ஆம் திகதி வெளிவந்த படம் அது. இலங்கையின் கண்டி நகரத்திலும் பேராதனை, கட்டுகஸ்தோட்டை, கம்பளை, புசல்லாவை என்று விரியும் அதன் சுற்றுப்புறத்திலும் தமிழ் பேசுவோர் பல வகையினர்: தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள், நகரத்துக் கடைக்காரர்கள், அக்குறணை, மடவளைப் பக்கத்து முஸ்லிம்கள், பல்கலைக்கழக மாணவர்கள். இவர்கள் எல்லோரும் இந்த வகைப் படத்துக்கு வைத்திருக்கும் பெயர் ஒன்றுதான்: ‘சைக்கோ படம்’. ஹிட்ச்கொக் 1960இல் எடுத்த படத்தின் தலைப்பு, அந்தப் படத்தைப் பார்க்காதவர்களின் பேச்சிலும் ஒரு பொதுப்பெயராகக் குடியேறிவிட்டது. சைக்கோ படம் நன்றாக இருந்ததா என்று கேட்டால் பதில் சட்டென்று வந்துவிடும். கொலைகாரனைப் பற்றிக் கேட்டால்தான் பேச்சு நீளும். அவன் பிறவியிலேயே அப்படியா, யாராவது அவனை அப்படி ஆக்கினார்களா, அவனுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடலாமா என்பதில் ரசிகர்கள் நாற்பது ஆண்டுக்கும் மேலாக ஒத்துப்போகவில்லை.

அந்த வழக்கைத் தொடக்கி வைத்தவர் பாரதிராஜா. கிராமத்துக் கதைகளால் பெயர் பெற்ற அவர் 1978இல் ‘சிகப்பு ரோஜாக்கள்’ எடுத்தார். செல்வந்தன் திலீப்பாகக் கமல்ஹாசன், அவனை நம்பி மணந்து வரும் சாரதாவாக ஸ்ரீதேவி. அழகான நாயகன், இளையராஜாவின் காதல் பாட்டு, ரோஜாத் தோட்டம், தோட்டத்து மண்ணுக்கு அடியில் பெண்களின் பிணங்கள். காதல் படத்துக்குப் பழகிய கூட்டத்தை அதே காதல் பாட்டை வைத்தே ஏமாற்றிய படம் இது. திலீப்பின் சிறுவயதுக் காயத்தைச் சொல்லி அவனைப் புரிந்துகொள்ளச் செய்யும் வழியும் இதில்தான் அழுத்தமாக வந்தது. பின்னால் வந்த பெரும்பாலான சைக்கோ படங்கள் இந்த ‘பிளாஷ்பேக்’கை விடவே இல்லை.

இரண்டு ஆண்டு கழித்து வந்த ‘மூடுபனி’க்கு இலங்கையில் தனி உறவு உண்டு. அதை இயக்கி ஒளிப்பதிவும் செய்த பாலு மகேந்திரா 1939இல் மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் பிறந்தவர். பள்ளிச் சிறுவனாகச் சுற்றுலா சென்றபோது கித்துல்கலையில் டேவிட் லீன் ‘தி பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ படத்தை எடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததே தன்னைச் சினிமாவுக்கு இழுத்தது என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். அதே படத்தின் சில காட்சிகள் பேராதனைத் தாவரவியல் பூங்காவிலும் எடுக்கப்பட்டவை. மூடுபனியில் பிரதாப் போத்தன் நடித்த சந்துரு, தாய் பட்ட துயரத்தைக் கண்டு வளர்ந்து, விலைமாதரைக் கொல்பவன். அவன் கடத்திக்கொண்டுபோகும் பெண்ணாக நடித்த ஷோபா, படம் வெளிவருமுன்பே 1980 மே மாதத்தில் இறந்துபோனார். இளையராஜாவின் நூறாவது படமும் இதுதான். படத்தின் ஊட்டிப் பனியும் மங்கிய இயற்கை ஒளியும் சென்னை ரசிகருக்கு ஓர் அயல் உலகம். ஹந்தானை மலைச் சரிவில் விடியற்காலையில் கொழுந்துக் கூடையோடு இறங்குபவருக்கு அந்தப் பனி அன்றாடம் முகத்தில் படுவது. பயம் பழகிய இடத்திலிருந்து வருகிறது என்பதை இந்தப் படம் அளவுக்கு வேறு தமிழ்ப் படம் காட்டவில்லை என்று சொல்லலாம்.

மணிவண்ணனின் ‘நூறாவது நாள்’ (1984) மொட்டைத் தலையும் வட்டக் கண்ணாடியுமாகச் சத்யராஜை நினைவில் நிறுத்தியது. கௌதம் மேனனின் ‘வேட்டையாடு விளையாடு’ (2006) விசாரணை அதிகாரியை நாயகனாக்கியது. மிஷ்கினின் ‘யுத்தம் செய்’ (2011) பழிவாங்கலையும் தொடர்கொலையையும் ஒன்றாக முடிச்சிட்டது. இவற்றுக்கெல்லாம் ரசிகர்கள் உண்டு. ஆனாலும் ராட்சசன் வரும்வரை இந்த வகை அவ்வப்போது தலைகாட்டும் ஒன்றாகவே இருந்தது.

இவை கண்டிக்கு வந்து சேர்ந்த வழி காலத்துக்குக் காலம் மாறியது. 1972இல் அமைந்த அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் வெளிநாட்டுப் பட இறக்குமதியைத் தன் கையில் வைத்திருந்ததால், தமிழகத்தில் ஓடி முடிந்து வெகுநாள் கழித்தே பல படங்கள் இலங்கைப் படமாளிகைகளுக்கு வந்தன. 1983 ஜூலைக் கலவரத்தில் கண்டியிலும் தமிழர் கடைகள் எரிந்தன. அதற்குப் பின் இரவுக் காட்சிக்குப் போவது தமிழ்க் குடும்பங்களுக்கு முன்போல எளிதாக இருக்கவில்லை. அந்த இடத்தை வீடியோ நிரப்பியது. தீபாவளிக்கோ கோயில் திருவிழாவுக்கோ தோட்டத்தில் பணம் சேர்த்து, டவுனிலிருந்து டெக்கும் தொலைக்காட்சிப் பெட்டியும் வாடகைக்கு எடுத்து வந்து, விடிய விடிய மூன்று நான்கு படம் ஓட்டுவார்கள். பக்திப் படத்தில் தொடங்கும் இரவு பெரும்பாலும் சண்டைப் படத்திலோ திகில் படத்திலோ முடியும். பாயில் தூங்கிப்போன பிள்ளைகளைத் தாண்டிப் பெரியவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இன்று தோட்டத்து லயன் வீட்டுக் கூரைகளில் வரிசையாக டிஷ் தெரிகிறது. இளைஞர்களுக்குக் கைபேசியே தியேட்டர். தலதா வீதியில் கண்டி சிட்டி சென்டருக்குள் இருக்கும் திரையரங்குக்கு நண்பர் கூட்டமாகப் போவதும் உண்டு. சிங்கள இளைஞர்கள் இந்தப் படங்களைச் சிங்கள வசன வரிகளோடு பார்க்கிறார்கள். கண்டியில் ராட்சசனைப் பற்றிய பேச்சு இரு மொழியிலும் நடப்பது இதனால்தான்.

ராட்சசனின் கதைத்தொடக்கமே ரசிகனைப் பற்றியது. அருண் ஒரு சினிமாப் பித்தன். உலகத் தொடர்கொலைகாரர்களைப் பற்றிய பத்திரிகைத் துணுக்குகளை வெட்டி அறைச் சுவர் முழுக்க ஒட்டி வைத்திருக்கிறான். அவற்றைக் கொண்டு எழுதிய கதையை எடுத்துக்கொண்டு தயாரிப்பாளர் வாசல்களில் ஏறி இறங்கித் தோற்று, குடும்பத்துக்காகப் பொலிஸ் வேலைக்குப் போகிறான். பள்ளி மாணவிகள் ஒவ்வொருவராகக் காணாமல் போகும்போது அந்தச் சுவரில் சேர்த்த அறிவு வேலைக்கு உதவுகிறது. மேலதிகாரி அவனை மதிப்பதில்லை. பரிசுப் பெட்டிக்குள் சிதைக்கப்பட்ட பொம்மைத் தலை ஒன்றை வைத்துவிட்டுப் போகும் கொலைகாரனின் பழக்கத்தை அருணே முதலில் கண்டுகொள்கிறான். இந்தப் படத்தை விரும்புவோர் கொலையைவிடக் கூடுதலாகப் பேசுவது அந்தப் பெட்டியைப் பற்றித்தான். பெட்டி திறக்குமுன் வரும் அமைதியும் ஜிப்ரானின் பின்னணி இசையும் சேர்ந்து வண்ணத்தாள் சுற்றிய ஒரு பிறந்தநாள் பொதியைப் பார்த்தாலே வயிறு கலங்கச் செய்துவிட்டன என்பார்கள்.

அதைவிடப் பலரைப் பாதித்தது கணக்கு ஆசிரியர் இன்பராஜ் வரும் பகுதி. மதிப்பெண்ணைக் கையில் வைத்துக்கொண்டு மாணவிகளை மிரட்டும் இந்த ஆள் தொடர்கொலைகாரன் அல்ல. கதையின் நூலில் அவன் ஒரு திசைதிருப்பல் மட்டுமே. ஆனால் மகளை வெள்ளைச் சீருடையில் பள்ளிக்கு அனுப்பி, பின்னேரம் டியூஷன் முடிந்து பஸ் வரும்வரை சந்தியில் காத்து நிற்கும் ஒரு தாய்க்கு, மந்திரவாதி வேடத்தில் வரும் உண்மைக் கொலைகாரனைவிட இவன் நெருக்கமானவன். இந்தப் பகுதியால் படம் இரண்டாகப் பிளந்து நீண்டுவிட்டது என்று நுட்பம் பார்க்கும் ரசிகர்கள் குறை சொல்கிறார்கள். குறை நியாயமானது. ஆயினும் படத்தில் உண்மைக்கு மிக அருகில் நிற்கும் பகுதியும் அதுவே.

கொலைகாரன் கிறிஸ்டோபரின் முன்கதையில் கருத்துகள் நேருக்கு நேர் மோதுகின்றன. சிறுவயதிலேயே முதுமை தட்டும் நோயால் உருவம் மாறி, பள்ளியில் கேலிக்கும் நிராகரிப்புக்கும் ஆளானவன் அவன். ஒரு சாரார் இதைக் கேலி செய்வோருக்கான எச்சரிக்கையாக எடுத்துக்கொள்கிறார்கள். மறு சாரார் கேட்பது வேறு: உடல் வேறுபட்ட ஒருவனைப் பார்த்ததும் பிள்ளைகள் அஞ்சிப் பின்வாங்கும்படி செய்துவிட்டு, அவன்மேல் இரக்கம் காட்டுவதாகவும் சொல்லிக்கொள்ளலாமா? இரண்டாவது கேள்விக்குப் படத்தில் விடை கிடையாது. தெலுங்கில் ‘ராக்ஷசுடு’ (2019), இந்தியில் ‘கட்புத்லி’ (2022) என்று படம் மறுபடி எடுக்கப்பட்டபோதும் அந்தக் கேள்வி கூடவே போனது. மறுபக்கத்தில், அருணின் அக்கா மகள் அம்முவின் சாவை இந்தப் படம் அவசரமாகக் கடக்கவில்லை. நகைச்சுவைக்குப் பழகிய முனீஸ்காந்த், மகளை இழந்த தகப்பனாக உடைந்துபோகும் இடத்தில் தியேட்டரில் யாரும் விசில் அடிப்பதில்லை. கொல்லப்பட்டவளுக்கு ஒரு வீடும் உறவும் உண்டு என்பதை உணர வைத்ததே ராட்சசனின் பெரும் பலம் என்று கொள்ள இடமுண்டு.

விக்னேஷ் ராஜாவின் ‘போர் தொழில்’ (2023) கண்ணீரைக் குறைத்து விசாரணையின் பொறுமையை முன்வைத்தது. திருச்சிப் பகுதியில் நடக்கும் கொலைகளைத் துப்பறியும் மூத்த அதிகாரியாகச் சரத்குமார், புத்தகம் படித்து வந்த பயந்த இளைஞனாக அசோக் செல்வன். படம் வெளிவருவதற்குச் சில நாட்கள் முன்னர் மறைந்த சரத்பாபு இதில் நடித்த விதம், அவரைச் சாந்தமான நல்லவராகவே பார்த்துப் பழகிய மூத்த ரசிகர்களைத் திகைக்க வைத்தது. இதைப் பற்றிப் பெரிய பிணக்கு இல்லை. நிதானமான, நேர்த்தியான படம் என்ற பேச்சே எங்கும்.

பிணக்கின் உச்சம் மிஷ்கினின் ‘சைக்கோ’ (2020). பெண்களைக் கடத்தித் தலையை வெட்டி, தலையில்லாத உடலைப் பொது இடத்தில் கிடத்தும் ஒருவன். காதலியைத் தேடிச் செல்லும் பார்வையற்ற இசைக்கலைஞன் கௌதம். அவனுக்குத் துணையாகச் சக்கர நாற்காலியில் ஒரு முன்னாள் பொலிஸ் அதிகாரி. பார்வையற்றவன் கார் ஓட்டுவதும், இத்தனை கொலைக்குப் பிறகும் ஒரு கண்காணிப்புக் கமராவில்கூடக் கொலைகாரன் சிக்காததும் பலரால் ஏற்க முடியாதவை. அதைவிடக் கோபத்தை மூட்டியது, கடத்தப்பட்ட பெண்ணே கொலைகாரனிடம் இரங்குவது. பள்ளியில் ஆசிரியை செய்த கொடுமையில் சிதைந்த பிள்ளையாக அவனை அவள் பார்க்கிறாள். ‘அத்தனை பெண்களைக் கொன்றவனுக்கா இந்த இரக்கம்?’ என்பதே படம் பார்த்து வெளியே வந்த பலரின் கேள்வி.

கண்டியில் அந்தக் கேள்விக்கு வேறொரு கனமும் உண்டு. ஜே.வி.பி. கிளர்ச்சியும் அதை ஒடுக்கிய வன்முறையும் உச்சத்தில் இருந்த 1989 ஒக்டோபரில், பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்துச் சிறு குளம் ஒன்றைச் சுற்றி வெட்டப்பட்ட மனிதத் தலைகள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. அந்தக் காலத்தைக் கடந்து வந்த தலைமுறை, தலையில்லாத உடலைத் திரையில் பார்க்கும் விதமும் இன்றைய பிள்ளைகள் பார்க்கும் விதமும் ஒன்றாக இருக்க முடியாது. தனி ஒருவனின் மனக்கோளாறு என்று கதையை முடிப்பது மூத்தவர்களுக்குப் போதவில்லை என்றால், அது சினிமா தெரியாததால் அல்ல.

மிஷ்கின் தன் கொலைகாரனுக்கு வைத்த பெயர் அங்குலி. நாயகனின் பெயர், புத்தரை நினைவூட்டும் கௌதம். தமிழகத்தில் பலருக்கு இது விளக்கிச் சொல்லவேண்டிய குறிப்பு. தலதா மாளிகையின் ஊரில் விளக்கம் தேவைப்படாது. மஜ்ஜிம நிகாயத்தின் 86ஆவது சூத்திரம் சொல்லும் அங்குலிமாலன், கொன்றவர்களின் விரல்களைக் கோத்து மாலையாக அணிந்த கொள்ளைக்காரன். காட்டு வழியில் தனியாக நடந்து போன புத்தரை வெட்ட ஓடுகிறான். அவர் மெதுவாக நடக்கிறார், இவனால் எட்டிப் பிடிக்க முடியவில்லை. நில் என்று கத்தியவனிடம், தான் ஏற்கனவே நின்றுவிட்டதாகவும் நிற்கவேண்டியவன் அவனே என்றும் அவர் சொல்ல, ஆயுதத்தை எறிந்துவிட்டுப் பிக்குவாகிறான். பின்னர் பிரசவ வேதனையில் துடிக்கும் ஒரு பெண்ணைக் கண்டு, அவளுக்கும் குழந்தைக்கும் நலம் வேண்டி அவன் சொன்ன சத்திய வாக்கே, காவலுக்காக ஓதப்படும் அங்குலிமால பிரித். சிங்கள பௌத்தக் குடும்பங்களில் பிள்ளைத்தாய்ச்சிக்கு மாதம் நெருங்கும்போது பிக்கு அதை ஓத, வெள்ளை நூலை அவள் மணிக்கட்டில் கட்டி, பிரித் தண்ணீரைக் குடிக்கக் கொடுக்கிறார்கள். தொடர்கொலைகாரன் ஒருவனின் பெயர் பிரசவ அறைக்குக் காவலாக நிற்பது கண்டிப் பக்கத்தில் யாரையும் வியக்க வைப்பதில்லை. கொலைகாரனுக்கு இரங்கும் சைக்கோவின் முடிவைச் சிலர் இங்கே சட்டென்று ஏற்றுக்கொள்வதற்கு இந்தப் பழக்கம் ஒரு காரணம் ஆகலாம்.

ஆனால் சூத்திரம் மன்னிப்போடு நின்றுவிடவில்லை. படம் தொடாத ஓர் இடத்துக்கும் அது போகிறது. அரசன் பசேனதி அவனைப் பிக்குவாக ஏற்று வணங்கிய பிறகும், பிச்சைக்குப் போன அங்குலிமாலன்மேல் கல்லும் தடியும் ஓடும் வந்து விழுந்தன. தலை உடைந்து, இரத்தம் ஒழுக, பிச்சைப் பாத்திரம் நொறுங்கி, சீவரம் கிழிந்து அவன் விகாரைக்குத் திரும்பினான். பொறுத்துக்கொள், உன் வினையின் பலனை இப்பிறவியிலேயே அனுபவிக்கிறாய் என்று புத்தர் அவனிடம் சொன்னார். கல்லெறிந்தவர்களைக் குறித்து அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.