தை மொச்சை, ஆடிக் குழம்பு

மார்கழிப் பாதியில் பச்சை மொச்சை சந்தைக்கு வந்துவிடும். பொங்கல் வரை கொட்டிக் கிடக்கும். மாசி பிறந்து கொஞ்ச நாளானால் தேடினாலும் கிடைக்காது. பெங்களூரில் இந்தக் காய்க்கென்றே ஜனவரியில் மேளா நடத்துகிறார்கள். நம் பக்கம் மேளா கிடையாது. ஆனால் மொச்சை விழாத பொங்கல் குழம்பை எங்கள் வீட்டில் யாரும் குழம்பு என்று ஒப்புக்கொள்வதில்லை. இத்தனை குறுகிய பருவமுள்ள ஒன்றை ஆடி வரைக்கும் பச்சை மாறாமல் கொண்டுபோகிற வித்தை சில வீட்டு அடுப்படிகளில் இருக்கிறது. அதை ரசிக்கப் பழகிவிட்டால் ஃப்ரீசரைப் பற்றிய நம் அபிப்பிராயமே மாறிவிடும்.

ஃப்ரீசருக்கு இங்கே நல்ல பெயர் இல்லைதான். துருவின தேங்காய், மிஞ்சிய கறி, எப்போதோ வாங்கி மறந்துபோன ஏதோ ஒரு பொட்டலம். அதிலிருந்து காய் எடுத்துச் சமைத்தால் ‘பழசு’ என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிப்பதில் நியாயமும் உண்டு. வாங்கி வந்த கவரோடு உள்ளே திணித்த பட்டாணி இரண்டு மாதத்தில் வைக்கோல் வாசனை அடிக்கும். அது பெட்டியின் குற்றமல்ல, வைத்த கையின் குற்றம்.

காயைக் காப்பாற்றும் கலையில் நமக்குப் பரம்பரைப் பெருமை வற்றலில் இருக்கிறது. சுண்டைக்காய், மணத்தக்காளி, கொத்தவரங்காய் எல்லாம் உப்பும் மோரும் வெயிலும் பட்டு வேறொன்றாகிவிடுகின்றன. சுண்டை வற்றலிடம் யாரும் பச்சைச் சுண்டைக்காயை எதிர்பார்ப்பதில்லை. அந்த மாற்றத்துக்காகத்தான் அதை விரும்புகிறோம். உறைய வைக்கிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது. அவர் கைபட்டதே தெரியாமல் காய் வெளியே வர வேண்டும். செய்த வேலை கண்ணுக்குத் தெரியாமல் போவதுதான் அவருக்குக் கிடைக்கும் பாராட்டு. என்னைக் கேட்டால் இரண்டில் இதுவே கடினம் என்பேன்.

வேலை சந்தையிலேயே தொடங்குகிறது. பறித்த நேரத்திலிருந்து பட்டாணியின் சர்க்கரை மாவாக மாறிக்கொண்டே போகும். நேற்று வாங்கி இன்று உரிக்கலாம் என்று வைத்தால் இனிப்பில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம். மொச்சையிலும் தோல் வாடாத, கொட்டை பழுத்து இறுகாத காயாகப் பார்த்து வாங்கி அன்றைக்கே உரிப்பவர்தான் விவரம் தெரிந்தவர்.

அடுத்தது வெந்நீர். கொடியை விட்டு வந்த பிறகும் காய்க்குள் நொதிகள் ஓய்வதில்லை. குளிர் அவற்றை மந்தமாக்குமே தவிர அழிக்காது. மைனஸ் 18 டிகிரியிலும் நிறத்தையும் மணத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டிருக்கும். அவற்றை அடக்கக் கொதிநீர் வேண்டும். அரைக் கிலோ காய்க்கு நாலு லிட்டர் தண்ணீராவது தளதளவென்று கொதிக்க வேண்டும், காயைப் போட்டதும் அடங்கிய கொதி ஒரு நிமிடத்துக்குள் மீள வேண்டும். மீண்ட பிறகுதான் கணக்கு. பட்டாணிக்கு ஒன்றரை நிமிடம், துண்டாக்கிய கேரட்டுக்கு இரண்டு, பீன்ஸுக்கு மூன்று, மொச்சைக்குக் கொட்டையின் பருமனைப் பார்த்து இரண்டிலிருந்து நான்கு. அவசரப்பட்டு முன்னதாகவே எடுப்பது முக்காமலே வைப்பதைவிட மோசம்: அரைகுறைச் சூட்டில் நொதிகள் இன்னும் சுறுசுறுப்பாகிவிடும்.

இந்த நிமிடங்களில் அடுப்பை விட்டு நகராமல் இருப்பவருக்கு ஒரு காட்சி கிடைக்கும். நீரில் விழுந்த பட்டாணி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இதுவரை இல்லாத பளிச்சென்ற பச்சைக்கு ஏறும். தசைக்குள் சிக்கியிருந்த காற்று வெளியேறிவிடுவதால் மேலே படர்ந்திருந்த மங்கல் விலகி, உள்ளே இருந்த பச்சை அப்படியே தெரிகிறது. அந்தப் பச்சையிலேயே அரித்தெடுத்து ஐஸ் போட்ட தண்ணீரில் கொட்டிவிட வேண்டும். கொஞ்சம் அசந்தால் பச்சை பழுப்படித்து, குழைந்த காயின் நிறத்துக்கு இறங்கிவிடும். கடிகாரம் பார்ப்பவர்கள் பலர். நிறத்தைப் பார்த்து எடுப்பவர்கள் சிலர். அந்தச் சிலரின் டப்பாவைத்தான் நான் நம்புவேன்.

ஆறிய காயை வடித்து, வெள்ளைத் துணியில் பரப்பி, ஈரம் போக ஒற்றி எடுப்பது பொறுமையைச் சோதிக்கும் பகுதி. இதில் விட்ட ஈரமெல்லாம் பனியாக ஒட்டிக்கொள்ளும். பிறகு ஃப்ரீசரில் முன்பே குளிர வைத்த எவர்சில்வர் தட்டில் ஒரே வரிசையாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்ப வேண்டும். இதற்குப் பின்னால் ஒரு பெரிய மனிதரின் கதை இருக்கிறது. அமெரிக்கரான கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ 1912-லிருந்து சில ஆண்டுகள் கனடாவின் லாப்ரடாரில் இருந்தபோது, இன்யூட் மக்கள் பிடித்த மீன் கடுங்குளிர்க் காற்றில் நொடியில் விறைப்பதையும், மாதங்கள் கழித்துச் சமைத்தாலும் புதிதாகவே இருப்பதையும் கண்டார். சட்டென்று உறைந்தால் பனித்துகள் சிறிதாக இருக்கும். மெதுவாக உறைந்தால் பெரிய துகள்கள் உருவாகி உயிரணுச் சுவர்களைக் கிழித்துவிடும். இளகும்போது காய் தொளதொளப்பது அதனால்தான். 1930-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரக் கடைகளில் அவர் முறையில் உறைந்த பட்டாணியும் பசலைக்கீரையும் விற்பனைக்கு வந்தன.

நம் வீட்டுப் பெட்டிக்கு லாப்ரடார் காற்றின் பலம் இல்லை. அதனால்தான் மெல்லிய பரப்பு, உலோகத் தட்டு, ஒரு தடவைக்குக் கொஞ்சம் மட்டும். ஐந்து கிலோவை ஒரேயடியாக உள்ளே தள்ளினால் பெட்டி மூச்சு வாங்கும், காய் நிதானமாக உறைந்து கெடும். தட்டில் விறைத்ததும் ஜிப் கவருக்கு மாற்றிக் காற்றைப் பிதுக்கி மூட வேண்டும். நன்றாகச் செய்த கவரைக் குலுக்கினால் மொச்சை பல்லாங்குழிச் சோழி போலக் கலகலக்கும். ஒரே கட்டியாக இருந்தால் எங்கோ ஈரம் தங்கியிருக்கிறது. தானே பனியை உருக்கிக்கொள்ளும் ஃப்ரிட்ஜில் உள்ளே அவ்வப்போது கொஞ்சம் சூடு ஏறி இறங்கும் என்பதால், கவருக்கு இடம் கதவோரமல்ல, பின்பக்கம். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் சின்ன ஐஸ் அறை பெரும்பாலும் மைனஸ் 18-ஐ எட்டாது. அதில் வைத்ததைச் சில வாரங்களில் தீர்த்துவிடுவது நல்லது.

எல்லாக் காய்க்கும் இந்த மரியாதை பொருந்தாது. வெள்ளரி, புடலை, பூசணி மாதிரி நீர்க்காய்கள் பச்சைக்காயின் கடிப்பை இழந்து துவண்டுதான் திரும்பி வரும். முருங்கைக்காய் நடுவில் நிற்கிறது. பங்குனி, சித்திரையில் மலிந்து கிடப்பதை நறுக்கி, முக்கி, உறைய வைத்தால் கார்த்திகையில் விலை எகிறும்போது சாம்பாருக்கு உதவும். பொரியலுக்கு எடுக்காதீர்கள், நார் விலகிச் சதை பிசுபிசுக்கும்.

சமைக்கும்போது இளக வைக்கவே கூடாது. ஃப்ரீசரிலிருந்து எடுத்த மொச்சை நேரே கொதிக்கும் நீருக்குப் போக வேண்டும். முன்பே பாதி வெந்தது என்பதால் சீக்கிரம் வெந்துவிடும். ஆனால் புளியைக் கரைத்து விடுவதற்கு முன்னால் வேகட்டும். புளிப்பு சேர்ந்துவிட்டால் கொட்டை இளகத் தாமதமாகும். கூடப் போடுகிற கத்தரிக்காய் மட்டும் அன்றைக்குக் காலையில் வாங்கியதாக இருக்கட்டும்.