பறவை எச்சமும் கிராஃபீனும்

2020-ல் ஏசிஎஸ் நானோ இதழில் மார்ட்டின் புமெரா குழுவினர் ஒரு கட்டுரை போட்டாங்க. கிராஃபீனில் பறவை எச்சத்தைச் சேர்த்துச் சூடாக்கினாங்க. எச்சத்தில் இருந்த நைட்ரஜன், பாஸ்பரஸ், கந்தகம் எல்லாம் அதில் ஏறின. ஆக்சிஜன் ஒடுக்க வினையில் வெறும் கிராஃபீனைவிட அது நல்லாவே வேலை செய்தது. கிண்டல்தான், ஆனா தரவு நிஜம்: எதைச் சேர்த்தாலும் 'மேம்பட்ட வினையூக்கி'ன்னு எழுதிடலாம்.

இந்தக் குத்தல் சென்சார் ஆய்வுகளுக்கும் பொருந்தும். நொதி இல்லாத குளுக்கோஸ் சென்சார்களைப் பாருங்க. பல கட்டுரைகளில் சோதனை 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில், பிஎச் 13. நம்ம ரத்தத்துக்கோ சுமார் 7.4. அந்தக் கரைசலில் துள்ளும் நிக்கலும் தாமிரமும் ரத்தத்தில் சோர்ந்துபோகும். சுலபமான பரீட்சையைத் தானே வச்சு, தானே பாஸாகிறதுதான் இது. சர்க்கரை நோயாளிக்கு இதனால என்ன லாபம்?