ஊழும் உடன்பாடும்: ஐதராபாத் தீர்ப்பு ஒன்றை முன்வைத்து

விருப்புரிமை பற்றிய தமிழ்ச் சிந்தனை பெரிதும் ஊழுக்கும் முயற்சிக்கும் இடைப்பட்ட முரணாகவே அமைந்துள்ளது. திருக்குறளில் 'ஊழ்' அதிகாரம் (38) ஊழின் வலிமையை நிறுவ, 'ஆள்வினையுடைமை' (62) தளரா முயற்சி அதனையும் புறங்காணும் என்கிறது. ஆனால், ஒருவரது விருப்பத்திற்கு எதிராக நிற்பது ஊழாக அன்றி இன்னொருவரது விருப்பமாகவே இருப்பின், உரிமையை எவ்வாறு அளப்பது? ஐதராபாத்தில் வழங்கப்பெற்ற தீர்ப்பு ஒன்று இவ்வினாவிற்கு இடமளிக்கிறது.

தக்க காரணமின்றிப் பிரிந்து வாழும் கணவனையோ மனைவியையோ மீண்டும் சேர்ந்து வாழுமாறு ஆணையிட 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 9ஆம் பிரிவு வழிசெய்தது. திரைப்பட நடிகை சரிதாவின் வழக்கில், ஆந்திரப் பிரதேச உயர்நீதிமன்ற நீதிபதி பி. ஏ. சௌத்ரி 1983இல் இப்பிரிவைச் செல்லாதது என்றார். கருவுறுதல் பற்றிய முடிவு பெண்ணுக்கே உரியது. அதனை அரசு பறித்தலாகாது என்பது அவர்தம் வாதம். சொல்லளவில் இருபாலார்க்கும் பொதுவான சட்டம், நடைமுறையில் பெண்மீதே சுமையாகிறது என்றும் அவர் காட்டினார்.

அதே ஆண்டில் தில்லி உயர்நீதிமன்றம் இதனை மறுத்தது. சேர்ந்து வாழ்தல் என்பது உடலுறவு மட்டுமன்று என்றது. இம்மறுப்பில் உண்மையுண்டு. எனினும், உடன்பாடின்றி ஒரு கூரையின்கீழ் இருத்தலும் இல்லறமாகாது.

1984இல் சரோஜ் ராணி வழக்கில் உச்சநீதிமன்றம் ஐதராபாத் தீர்ப்பை ஏற்கவில்லை. ஆணையை வேண்டுமென்றே மீறுவோரின் சொத்தைப் பற்றுகை செய்தல், சேர்ந்து வாழத் தூண்டும் ஏற்பாடே என்பது அதன் கருத்து. ஈண்டு ஒரு வேறுபாடு நோக்கத்தக்கது. அன்பு, மக்கள்மீதான பற்று, ஊரார் பழிக்கு அஞ்சுதல் எனக் காரணமற்ற முடிவு எதுவுமில்லை. காரணம் உண்டு என்பதனாலேயே ஒரு முடிவு உரிமையற்றதாகிவிடாது. ஆயின், ஒருவரை இணங்கச் செய்வதற்கென்றே இழப்பு ஒன்றை முன்னிறுத்துவது தூண்டுதலா, வற்புறுத்தலா? சொந்த வருவாய் உடையவர் அவ்விழப்பைத் தாங்கக்கூடும். ஒரு சிறு வீடன்றி வேறில்லாதவர்க்கு அது வற்புறுத்தலே. உச்சநீதிமன்றம் இவ்வேறுபாட்டிற்கு உரிய இடம் தரவில்லை.

தனிமறைவுரிமை அடிப்படை உரிமையே என ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017இல் அறிவித்தபோது, தனிவாழ்வு பற்றிய முடிவுகளும் அதனுள் அடங்கின. ஐதராபாத் தீர்ப்பின் மையக் கருத்து இதனால் வலுப்பெறுகிறது எனலாம். ஆள்வினையுடைமை, மனிதரின் ஆற்றலை அவர் செய்து முடிப்பதில் காண்கிறது. இத்தீர்ப்போ, தண்டனைக்கு அஞ்சாது மறுக்க இயல்வதில் உரிமையைக் காண்கிறது. மறுக்க இயலாதவரின் இசைவை உடன்பாடு எனக் கொள்ளுதல் பொருந்தாது.