வாடையும் குடையும் வாழ்த்துப்பாவும்

திறந்த வெளியில் நிகழும் அரசியல் விழாவில் மேடையை மனிதர் ஆள்வர்; வானத்தை ஆள்வார் எவருமிலர். மழையோ பனியோ வந்து ஒப்பனையைக் கலைக்கும்போதுதான் எது அணி, எது உயிர் என்பது புலனாகும். தலையில் அணிவதற்குப் பொருந்தும் இவ்வுண்மை, விழாவிற்கென யாக்கப்படும் கவிதைக்கும் பொருந்தும்.

நெகிரி செம்பிலானின் அரச நகராகிய செரி மெனாந்தி, கோலா பிலாவை அடுத்துள்ளது. 1957 ஆகஸ்டு 31-ஆம் நாள் மலாயா விடுதலை பெற்றபோது முதற் பேரரசராகப் பொறுப்பேற்ற துவாங்கு அப்துல் ரஹ்மான் இந்நகரினர். அன்று காலை பெய்த மழையால் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கின் விழா சற்றுக் காலந்தாழ்ந்தே தொடங்கிற்று. மலேசியப் பேரரசர் அரியணையேறும் விழாவில் பொன்முடி இல்லை. பொன்னிழை பின்னிய கருந்துணியாலான 'தெங்கோலோக்' என்னும் தலைப்பாகையே முடியாகும். அதனை மடித்துக் கட்டும் முறை நெகிரி செம்பிலானுக்குரியது. 'டெண்டாம் தக் சூடா' என்பது அதன் பெயர். 'டெண்டாம்' என்னும் மலாய்ச் சொல் தனித்து நின்றால் வஞ்சம். 'ரிண்டு' என்பதனோடு இணைந்தால் ஏக்கம். தீராத வஞ்சம் என்றும் தீராத ஏக்கம் என்றும் பொருள்கொள்ள இடந்தரும் பெயர் அது. 1967 முதல் வெளிவரும் மலேசியப் பணத்தாள்களில் தலைப்பாகை அணிந்த அப்பேரரசரின் உருவமே பொறிக்கப்பட்டுள்ளது.

அதே வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் வேறொரு தலைப்பாகையும் இருந்தது. மலைகளிலிருந்து இறங்கிய மூடுபனி விலகாத விடியற்பொழுதில், பெரட்டுக் களத்தில் பால்மரம் வெட்டுவோர் வரிசையாக நின்றனர். ஆடவர் தலையில் துண்டு. பெண்டிர் தலையில் முக்காடு. கங்காணி ஆள் கணக்குச் சொல்ல, கிராணி ஏட்டில் குறித்துக்கொண்டார். துரை வந்தபோது தலைத்துண்டு தோளுக்கோ இடுப்புக்கோ இறங்கியது. குளிரைத் தடுக்கக் கட்டிய துணி அதிகாரத்தின் முன் அவிழ்ந்தது. நாள்தோறும் நிகழ்ந்த அதுவும் ஓர் அரசியல் சடங்கே. ஆனால் அதற்கு வாழ்த்துப்பா பாடியவர் எவருமிலர்.

வாழ்த்துப்பா வேறிடத்தில் வளர்ந்தது. தோட்டத்துத் திருவிழாவாயினும், கட்சியின் ஆண்டுக் கூட்டமாயினும் மாலை, பொன்னாடை, வாழ்த்துப்பா ஆகிய மூன்றும் மேடைக்கு இன்றியமையாதனவாயின. அப்பாக்களின் போக்கு யாவரும் அறிந்ததே. வருகின்ற விருந்தினர் பொதிகைத் தென்றலாவார், இமயமென உயர்வார், கடையெழு வள்ளல்களையும் விஞ்சுவார். மார்கழிக் குளிரே அறியாத நாட்டில் மார்கழிப் பனியும் பாட்டில் பொழியும். அடுத்த ஆண்டு வேறொருவர் வருவார். அப்போது பெயர் மட்டும் மாறும்; மற்றவை அப்படியே நிற்கும். எவர் தலைக்கும் பொருந்தும் தொப்பியைப் போல எவர் பெயருக்கும் பொருந்தும் பா அமைந்துவிடுகிறது. இக்குறையின் தன்மையை உணர, கடுங்குளிரில் நிகழ்ந்த இரு காட்சிகளை ஒப்புநோக்குதல் நலம்.

முதற்காட்சி அமெரிக்காவில் நிகழ்ந்தது. அந்நாட்டுக் குடியரசுத் தலைவர்கள் நடுக்குளிர்காலத்தில் திறந்த வெளியில் பதவியேற்பது வழக்கம். குளிர் மிகுந்தமையால் 1985-இலும் 2025-இலும் விழா கட்டடத்துக்குள் மாற்றப்பட்டது. 1841 மார்ச்சுத் திங்களில் பதவியேற்ற வில்லியம் ஹென்றி ஹாரிசன் தொப்பியும் மேலங்கியும் இன்றி ஏறத்தாழ இரண்டு மணி நேரம் உரையாற்றினார். ஒரு திங்களில் இறந்தார். குளிரே அவரைக் கொன்றது என்று நெடுங்காலம் பேசப்பட்டது. மாசடைந்த குடிநீரே காரணமாகலாம் என்பது பிற்கால மருத்துவ ஆய்வாளர் கருத்து. எதுவாயினும், தொப்பியைத் துறத்தலும் மேடையில் ஒரு கோலமே என்பதை அவர் வரலாறு காட்டுகிறது.

1961 சனவரி 20-ஆம் நாள் ஜான் கென்னடி பதவியேற்றார். முந்தைய நாள் பெய்த பனி ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயரத்துக்குக் குவிந்திருந்தது. நண்பகலில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே ஏறத்தாழ 6 பாகை செல்சியஸ். தலைவர்கள் உயரமான பட்டுத்தொப்பி அணிந்து வந்தனர். கவிதை படிக்க அழைக்கப்பட்டவர் ராபர்ட் ஃபிராஸ்ட், அகவை 86. விழாவிற்கென்றே புதிதாகப் பாவொன்று எழுதி வந்திருந்தார். தாளை விரித்துப் படிக்கத் தொடங்கினார். ஆனால் பனியில் பட்டுத் தெறித்த கதிரொளி கண்ணைக் கூசச் செய்தது. காற்றும் தாளை அலைத்தது. துணைத் தலைவர் லிண்டன் ஜான்சன் தம் தொப்பியை நீட்டித் தாளுக்கு நிழல் செய்ய முயன்றார். அதுவும் பயன்படவில்லை. முதுபெருங் கவிஞர் தாளைக் கைவிட்டு, 1942-இல் அச்சேறிய தம் பழைய கவிதை ஒன்றை நெஞ்சிலிருந்து சொல்லி முடித்தார். இறுதியில் தலைவரின் பெயரைச் சொல்லவந்தவர் 'ஜான் ஃபின்லி' என்று வேறொருவர் பெயரைச் சொல்லிவிட்டார். பெயர் பிறழ்ந்தது, கவிதை பிறழவில்லை. விழாவுக்காக எழுதிய பாவை வெயில் வென்றது. விழாவை எண்ணாது எழுதிய பாவே விழாவைக் காத்தது.

இரண்டாம் காட்சி பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில் உள்ளது. நக்கீரர் இயற்றிய இப்பாட்டு 188 அடிகளால் ஆனது. தொடக்கத்திலேயே வாடையும் மழையும் வருகின்றன. மேட்டு நிலத்துக்குக் கால்நடைகளை ஓட்டிச் சென்ற கோவலர் தலையில் சூடிய வெண்காந்தட் கண்ணி நீரலைத்துக் கலைகின்றது. அவர்கள் பலராகக் கூடிக் கொள்ளிக்கட்டையில் குளிர்காய்ந்து நடுங்குகின்றனர். பாட்டின் இறுதியில் பாசறை. நள்ளிரவு. வாடைக்காற்றில் விளக்கின் சுடர் சாய்கின்றது. குதிரைகள் தம்மேல் விழுந்த துளிகளை உதறுகின்றன. புண்பட்ட வீரர்களைப் படைத்தலைவன் ஒவ்வொருவராகக் காட்ட, அரசன் நடந்து செல்கின்றான். இடத்தோளினின்று நழுவிய மேலாடையை அவன் கை அணைத்துக்கொள்கின்றது. முத்துமாலை தொங்கும் வெண்குடை அசைந்து தூறலை மறைக்கின்றது. அவன் உறங்கவில்லை.

ஏழைக் கோவலரின் நனைந்த கண்ணியில் தொடங்கிய பாட்டு அரசனின் குடையில் முடிவது கருதத்தக்கது. இரண்டையும் நனைப்பது ஒரே மழை. வெண்கொற்றக்குடை அரசியல் சின்னம். வெயிலுக்கும் மழைக்கும் பிடிப்பதன்று. நக்கீரரோ அதனைத் தூறலில் நனைய விடுகின்றார். சின்னம் வெறும் குடையாகும் அந்தக் கணத்திலேயே அரசன் மனிதனாகின்றான். மேலும், பாட்டின் எவ்விடத்தும் அரசன் பெயரில்லை. பாண்டியன் நெடுஞ்செழியனே தலைவன் என்பர். வேலின் தலையில் கட்டிய வேம்பு பாண்டியரின் அடையாளப்பூவைச் சுட்டுவதால் பாட்டு அகமன்று, புறமே என்று நச்சினார்க்கினியர் கொண்டார். பெயர் சொல்லாமலேயே பெருமை சொன்ன பாட்டு அது.

அங்ஙனமாயின் பெயர் சொல்லிப் பாடுதலே குற்றமோ என்று கேட்கலாம். அன்று. அதியமானை ஔவையார் பெயர் சொல்லியே பாடினார். பரிசில் வேண்டிப் பாடிய பாக்களும் புறநானூற்றில் பல. ஆனால் அப்பாக்களில் ஒருவன் பெயரை எடுத்து மற்றொருவன் பெயரை இட இயலாது. குளிரில் நடுங்கியதென்று மயிலுக்குப் போர்வை ஈந்தவன் பேகன் ஒருவனே. முரசு கட்டிலில் அறியாது துயின்ற மோசிகீரனாரைத் தண்டியாது, தன் கையால் விசிறி வீசியவன் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை ஒருவனே. அரசன் கவிஞனுக்கு விசிறியதும், ஜான்சன் கவிஞருக்குத் தொப்பி நீட்டியதும் ஒப்புநோக்கி மகிழத்தக்கன. பேகனின் போர்வை நடுங்கிய உயிருக்குச் சென்றது. இன்றைய பொன்னாடையோ வியர்த்திருப்பவர் தோளில் விழுகின்றது. பெயரை மாற்றினால் பாட்டுக் குலையுமா என்பதே திறனாய்வாளர் கேட்க வேண்டிய கேள்வி. குலையாவிடின் அது பாட்டன்று, தொப்பி.

ஃபிராஸ்ட் சொன்ன பழைய கவிதையும் குறையற்றதன்று. குடியேறியோர் தம்மை முழுதும் நிலத்துக்கு ஈந்த பின்னரே அந்நிலத்தின் மக்களாயினர் என்பது அதன் கருத்து. அவர்களுக்கு முன்பே அம்மண்ணில் வாழ்ந்தோரை அக்கவிதை காணவில்லை. எனினும் அது எழுப்பும் வினா தோட்டத் தமிழரின் வினாவுமாகும். காடு திருத்தி ரப்பர் நட்டவருக்கும் அம்மண்ணுக்கும் உள்ள உறவு யாது? ஆங்கிலேயக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்ற காலத்தில், தொழிலாளரே பணஞ்சேர்த்துத் தோட்டம் வாங்குமாறு 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். அவரைப் பாடுவோர் இமயத்தையும் தென்றலையும் விடுத்து இந்த ஒரு செயலைப் பாடினாலே போதும். அப்பாட்டில் வேறெவர் பெயரையும் இட இயலாது.

கோலா பிலாப் பகுதியில் பல இடங்களில் ரப்பர் மரங்கள் நின்ற நிலத்தில் இன்று செம்பனை நிற்கின்றது. பெரட்டுக் களத்தை நேரிற் கண்டோர் ஆண்டுதோறும் குறைகின்றனர். தலைத்துண்டு அவிழ்ந்த அக்காட்சியைக் கவிதையாகக் காக்க வேண்டிய பொறுப்பு எழுதுவோருக்கு உண்டு. நெடுநல்வாடையைக் கற்பிக்கும் ஆசிரியர், மாணவரிடம் அருஞ்சொற்பொருள் கேட்பதோடு அமையாது, அவர்தம் பாட்டனார் விடியற்குளிரில் தலையில் என்ன அணிந்தார், எவர் முன் அதை அவிழ்த்தார் என்றும் கேட்டறிந்து வரச் சொல்லலாம். விடையோடு வரும் மாணவன் கோவலர் தலையில் கலைந்த கண்ணியைத் தானே கண்டுகொள்வான்.